கழற்றியது, மாட்டியது

அண்ணாச்சியின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு நோட்டு இருக்கும். மளிகைக் கடையில் பற்று எழுதும் நீளவாக்கு நோட்டு. ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் கோடு கிழித்து, இடப்பக்கம் ‘கழற்றியது’ என்றும் வலப்பக்கம் ‘மாட்டியது’ என்றும் எழுதி வைத்திருப்பார். ஃபயர் அலாரம் சர்வீஸுக்காக ஒரு கட்டடத்துக்குள் நுழைந்த நிமிடத்திலிருந்து அவர் கை எதை நிறுத்தினாலும் அது இடப்பக்கத்தில் ஏறிவிடும். மூன்றாவது ஜோன் ஐசொலேட். ஹூட்டர் ஒயர் ஒன்று. ஏ.சி. ரிலே. லிஃப்ட் ரிலே. சாயங்காலம் கிளம்பும்போது இடப்பக்கத்து வரி ஒவ்வொன்றுக்கும் எதிரே வலப்பக்கத்தில் ஒரு வரி வந்திருக்க வேண்டும். வராவிட்டால் வாசலைத் தாண்டமாட்டார். கடைசி பஸ் போனால் போகட்டும் என்று ஏணியைத் தூக்கிக்கொண்டு மறுபடி மாடி ஏறுவார்.

1998ல் அவரிடம் சேர்ந்தேன். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் முடித்துவிட்டு, எதிர்பார்த்த வேலை எதுவும் கிடைக்காமல், சிந்தாதிரிப்பேட்டையில் ஐந்தாறு பேர் இருந்த ஒரு சர்வீஸ் கம்பெனியில் ஏணி பிடிக்கும் பையனாக நுழைந்தவன் நான். அண்ணாச்சிக்கு அப்போது ஐம்பதை ஒட்டிய வயது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சின்ன வயதிலேயே வந்து ரிச்சி தெருவில் ரேடியோ பார்ட்ஸ் கடையில் நின்றவர். 1975ல் மவுண்ட் ரோடு எல்.ஐ.சி. கட்டடம் எரிந்ததை ரோட்டோரக் கூட்டத்தில் நின்று பார்த்திருக்கிறார். நகரத்திலேயே உயரமான கட்டடம் அப்படி எரிந்த காட்சி அவர் மனதை விட்டுப் போகவே இல்லை. எரிகிற கட்டடத்துக்கு வெளியே நிற்கிறவனுக்குத் தெரிவது உள்ளே இருக்கிறவனுக்குத் தெரியாது, அவனுக்குச் சொல்லத்தான் நாம் மணி கட்டுகிறோம் என்பார். அதற்குமேல் இந்தத் தொழிலைப் பற்றி அவர் விளக்கம் சொல்லி நான் கேட்டதில்லை. மற்றதெல்லாம் செய்துதான் காட்டினார்.

முதல் வாரம் ஒரு பழைய ஸ்மோக் டிடெக்டரைப் பிரித்துக் காட்டினார். வெளியிலிருந்து பார்த்தால் கவிழ்த்து வைத்த கிண்ணம். உள்ளே கறுப்பு பிளாஸ்டிக்கில் சுற்றிச் சுற்றி வரும் சந்துகள். வெளி வெளிச்சம் நுழையாமல், காற்று மட்டும் நுழையும்படி அமைத்த சந்துகள் அவை. நடுவில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அனுப்பும் ஒரு சின்ன எல்.இ.டி. அதன் நேர்ப்பாதையில் இல்லாமல் ஒதுங்கி ஒரு கோணத்தில் அமர்ந்திருக்கும் இன்னொரு கண். காற்று சுத்தமாக இருக்கும்வரை அந்தக் கண்ணில் ஒளி படாது. புகை நுழைந்ததும் ஒளி சிதறி அதன் மேல் விழும். உடனே பேனலுக்குச் செய்தி போகும். புகை செய்வதையே தூசியும் செய்யும், சிலந்தி வலையும் செய்யும், மழைக்காலத்தில் உள்ளே புகுந்துவிடும் சின்னப் பூச்சியும் செய்யும். பொய் மணிகளில் நான் பார்த்தவை பெரும்பாலும் இந்த மூன்றால்தான். டிடெக்டரைச் சுத்தம் செய்யாமல், அது சும்மா சும்மா அடிக்கிறது என்று திட்டுகிறவர்களை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வரும்.

அந்த நாட்களில் சர்வீஸுக்குப் போகிற பலருடைய பையில் ஒரு ஊதுபத்திக் கட்டு இருக்கும். கொளுத்தி டிடெக்டருக்கு அடியில் பிடித்தால் அரை நிமிடத்தில் சிவப்பு விளக்கு எரிந்துவிடும். வேலை முடிந்தது. ஆனால் ஊதுபத்திப் புகையில் எண்ணெய்ப் பசை உண்டு. அது உள்ளே படலமாகப் படிந்து, அதன் மேல் தூசி ஒட்டி, ஒவ்வொரு சர்வீஸிலும் டிடெக்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுக்கும். “சாமிக்குக் காட்டுதத இதுக்குக் காட்டாதல” என்பார் அண்ணாச்சி. சோதனைக்கென்றே டப்பியில் அடைத்து வரும் புகை உண்டு. பசை ஒட்டாது. நீளக் கம்பின் நுனியில் கிண்ணம் மாட்டி அதில் டப்பியைப் பொருத்தி, ஏணி இல்லாமலே கீழே நின்று சோதிக்கலாம். டப்பி விலை அதிகம். முதலாளி ஒவ்வொரு முறையும் முணுமுணுப்பார். அண்ணாச்சி விட்டுக்கொடுத்ததே இல்லை.

சில டிடெக்டர்களில் காந்தம் வைத்தாலும் அலாரம் வரும். அதை வைத்தே சர்வீஸ் ரிப்போர்ட்டை முடித்துவிடுகிறவர்கள் உண்டு. காந்தம் உள்ளே இருக்கிற சர்க்யூட் வேலை செய்கிறது என்று மட்டும்தான் சொல்லும். புகை போகிற வழி திறந்திருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. பெயின்ட் பூசி அடைத்த டிடெக்டரும் காந்தத்துக்கு ஒழுங்காகப் பதில் சொல்லும். சமையலறைகளில் மாட்டுகிற ஹீட் டிடெக்டர் விஷயமும் இதே மாதிரிதான். லைட்டர் கொளுத்திப் பிடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பிளாஸ்டிக் உருகி, அடுத்த தடவை வேலை செய்ய வேண்டிய சமயத்தில் செய்யாது. முடி உலர்த்துகிற டிரையர் போதும். ஒருமுறை சூடானால் மறுபடி பயன்படாத வகைகளும் உண்டு என்பதால், கை வைப்பதற்கு முன் மேலே ஒட்டியிருக்கிற லேபிளைப் படித்தாக வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு கட்டடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆறு மாடி அலுவலகம். எங்களுக்கு முன்பு வேறு யாரோ பராமரித்தது. புது ஏ.எம்.சி. (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) எடுத்து நாங்கள் முதல்முறை போனபோது பேனலில் எல்லா ஜோனும் பச்சை. ஒரு ஃபால்ட் கிடையாது. நிர்வாக அதிகாரி பெருமையாகக் காட்டினார். நான்காவது மாடியில் முதல் டிடெக்டருக்குப் புகை காட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவதுக்குக் காட்டினேன். மூன்றாவதுக்கும் காட்டினேன். கீழே பேனல் முன்னால் நின்ற அண்ணாச்சியிடமிருந்து வாக்கிடாக்கியில், “ஒண்ணும் வரல” என்றே பதில் வந்தது. அந்த மாடியில் இருந்த 18 டிடெக்டரும் செத்துக் கிடந்தன.

அண்ணாச்சி பேனலைத் திறந்து என்னைக் கூப்பிட்டார். பழைய மாதிரி பேனல்களில் ஒரு ஜோனுக்கு ஒரு ஜோடி ஒயர் கிளம்பி, டிடெக்டர் டிடெக்டராகப் போய், கடைசி டிடெக்டரில் ஒரு ரெசிஸ்டரில் முடியும். பேனல் எந்த நேரமும் அந்த ரெசிஸ்டரைத் தேடிக்கொண்டே இருக்கும். வழியில் எங்கே ஒயர் அறுந்தாலும் ரெசிஸ்டர் தெரியாமல் போய், ஃபால்ட் என்று கத்தும். ஒயர் முழுசாக இருக்கிறது என்பதற்கு அந்த ரெசிஸ்டர்தான் சாட்சி. அந்தக் கட்டடத்தில் அந்தச் சாட்சியைக் கொண்டுவந்து பேனலின் டெர்மினலிலேயே திருகி வைத்திருந்தார்கள். மாடிக்குப் போகிற ஒயரைக் கழற்றி, டேப் சுற்றி, உள்ளே மடித்துத் தள்ளியிருந்தார்கள். பேனலுக்கு ரெசிஸ்டர் தெரிந்தது. அதனால் பச்சை.

ஏன் செய்தார்கள் என்பது விசாரித்ததில் தெரிந்தது. ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல் ஏதோ குழாய் கசிந்து, டிடெக்டர் பேஸ்களில் ஈரம் இறங்கியிருந்தது. ராத்திரி ராத்திரி ஃபால்ட் பஸ்ஸர் கத்த, வாட்ச்மேன் புகார் சொல்ல, அதிகாரி கம்பெனிக்குப் போன் செய்ய, வந்தவன் கசிவைத் தேடுவதற்குப் பதிலாகச் சத்தத்தை நிறுத்திவிட்டுப் போயிருக்கிறான். இரண்டு ஸ்க்ரூவும் ஐந்து நிமிடமும் போதும் அதற்கு. அந்த மாடியில் தினமும் அறுபது எழுபது பேர் மேஜையில் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறார்கள். மேலே நிமிர்ந்து பார்த்தால் வரிசையாக வெள்ளைக் கிண்ணங்கள். நம்மைக் காக்க ஒன்று இருக்கிறது என்று நம்பித்தானே இருந்திருப்பார்கள்? எதுவுமே மாட்டாத கட்டடத்தில் இருக்கிறவன் தன் மூக்கையாவது நம்புவான்.

“ஏல, பச்ச லைட்டு பேனலப் பத்தித்தான் சொல்லும். மேல தொங்குததப் பத்தி ஒண்ணும் சொல்லாது.” அன்றைக்கு அண்ணாச்சி சொன்னது இவ்வளவுதான். அந்த அதிகாரி, சரி செய்யும்வரை ரிப்போர்ட்டில் ‘நார்மல்’ என்றே போட்டுக்கொடுங்கள் என்று கேட்டார். அண்ணாச்சி ‘நான்காம் மாடியில் தீ எச்சரிக்கை இல்லை’ என்று தமிழில் பெரிதாக எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். ஒயர் புதிதாக இழுத்து முடிய ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாளும் அந்த மாடியில் இரவும் பகலும் ஒரு ஆள் சுற்றிவர வேண்டும் என்று கேட்டு வாங்கியிருந்தார்.

இவ்வளவையும் கூடவே நின்று பார்த்த நான்தான் 2003ல் அந்தத் தவறைச் செய்தேன்.

ஆயுத பூஜை. எங்கள் தொழிலில் அந்த நாளுக்கு முதல் நாளே போன்கள் வர ஆரம்பித்துவிடும். சாம்பிராணி போடுகிறோம், மணி அடித்துவிடாமல் வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்பார்கள். சரியான முறை என்னவென்றால், பூஜை நடக்கிற இடத்து ஜோனை மட்டும், நடக்கிற நேரத்துக்கு மட்டும் ஐசொலேட் செய்ய வேண்டும். அவ்வளவு நேரமும் அங்கே ஒரு ஆள் தீயணைப்பானோடு நிற்க வேண்டும். புகை கலைந்ததும் ஜோனைத் திரும்பப் போட்டு, ஒரு டிடெக்டருக்காவது புகை காட்டி மணி வருகிறதா என்று பார்க்க வேண்டும். அன்றைக்கு எனக்கு நான்கு இடம். மூன்றாவது இடம் ஒரு தனியார் அலுவலகம். ஜோனை நிறுத்தினேன். மஞ்சள் விளக்கு எரிந்தது. பூஜை முடிந்தது. பேனலுக்கும் சந்தனம் வைக்கச் சொன்னார்கள். நான்தான் வைத்தேன், குங்குமமும் வைத்தேன், மேலே ஒரு முழம் பூவும் போட்டேன். சுண்டல் கொடுத்தார்கள். நாலாவது இடத்திலிருந்து அழைப்பு வந்தது. பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

நான் வைத்த பூ அந்த மஞ்சள் விளக்கை மறைத்துக்கொண்டிருந்தது. வாடிய பிறகும், பூஜைப் பூவை எடுப்பானேன் என்று யாரும் தொடவில்லை.

பதினோராம் நாள் இரவு இரண்டு மணிக்கு, அந்த ஜோனில் இருந்த யு.பி.எஸ். அறையில் ஒரு பேட்டரி டெர்மினல் தளர்ந்து சூடேறி, கேபிளின் மேலுறை புகைந்து கருக ஆரம்பித்தது. வாட்ச்மேன் ஒரு பெரியவர். ரவுண்டு வரும்போது வாடை பிடித்து, கதவைத் திறந்து, பிரேக்கரை இறக்கி, கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரை அடித்து அணைத்துவிட்டார். அறை நிறையப் புகை. மறுநாள் முழுக்க ஆஸ்பத்திரியில் ஆக்சிஜனோடு கிடந்தார். நான் போய்ப் பார்த்தேன். மாஸ்கை நகர்த்திவிட்டு, குற்றம் சொல்கிற தொனியே இல்லாமல் கேட்டார்:

“தம்பி, பெல்லு ஏன் அடிக்கல?”

இருபது வருடம் தாண்டிவிட்டது. அந்தக் கேள்வி இன்னும் அதே குரலில் கேட்கிறது. நான்தான் நிறுத்தி வைத்துவிட்டு மறந்துபோனேன் ஐயா என்று சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அது எனக்கு ஆறுதலாக இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

பேனல் ஃபால்ட் என்று எழுதிவிடலாம் என்றார் முதலாளி. அண்ணாச்சி ஒத்துக்கொள்ளவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு அந்த அலுவலகத்துக்குப் போனார். நடந்ததை என் வாயாலேயே சொல்ல வைத்தார், என் கையாலேயே எழுத வைத்தார். அடுத்த வருடம் அந்த ஏ.எம்.சி. எங்களுக்கு வரவில்லை. வராமல் போனது நியாயம்தான். திரும்பி வரும் வழியில் ஒரு கடையில் நிறுத்தி, நீளவாக்கு நோட்டு ஒன்று வாங்கி, அங்கேயே நின்று முதல் பக்கத்தில் கோடு கிழித்து என்னிடம் கொடுத்தார். அதைப் பற்றி அவர் பிறகு ஒருநாளும் பேசவில்லை.

அதன் பிறகு எந்த இடத்திலும் நான் சுவிட்சை அணைப்பதற்கு முன்னால் எழுதினேன், அணைத்த பிறகு அல்ல. பேனல் பக்கத்திலேயே ஒரு தாள் தொங்கவிட்டு, என்ன நிறுத்தினேன், எத்தனை மணிக்கு, யாரிடம் சொன்னேன் என்று எழுதி, கட்டடத்து ஆள் ஒருவரிடம் கையெழுத்து வாங்கினேன். திரும்பப் போட்ட பிறகும் அதே ஆளிடம் கையெழுத்து வாங்கினேன். சர்வர் அறைகளில் இது உயிர் விஷயம். அங்கே டிடெக்டர் அடித்தால் மணியோடு நிற்காது, சிலிண்டரிலிருந்து வாயு கொட்டிவிடும். கார்பன் டை ஆக்சைடு நிரப்பிய அமைப்பு என்றால் உள்ளே இருக்கிற மனிதனுக்கு மூச்சு நின்றுவிடும். அதனால் சோதிக்கும் முன் சிலிண்டரின் தலையில் இருக்கிற சொலினாய்டைக் கழற்றியே ஆகவேண்டும். கழற்றியதை மாட்டாமல் வந்தால் அந்த அறைக்குக் காவலே இல்லை. அதை மாட்டும்போதும், பேனல் முழுக்க ரீசெட் ஆகி அமைதியாக இருக்கிறதா என்று பார்க்காமல் மாட்டக்கூடாது. இல்லையென்றால் நம் தலைமீதே கொட்டும்.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் பள்ளிக்கூடத்தில் எரிந்துபோனார்கள். அடுத்த மாதங்களில் எங்களுக்கு விசாரணைகள் நிறைய வந்தன. மாட்ட எவ்வளவு ஆகும் என்று எல்லோரும் கேட்டார்கள். பார்த்துக்கொள்ள எவ்வளவு ஆகும் என்று கேட்டவர்கள் குறைவு. இரண்டு மூன்று வருடம் கழித்து அப்படி மாட்டிய சில இடங்களுக்கு நான் சர்வீஸுக்குப் போனேன். பேனலுக்குள் 12 வோல்ட் பேட்டரி இரண்டு. மீட்டர் வைத்தால் 27 வோல்ட் காட்டும், சார்ஜர் தாங்கிப் பிடித்திருப்பதால். மெயின் சுவிட்சை இறக்கி ஹூட்டரை அடிக்கவிட்டால் ஒரு முனகலோடு அடங்கிவிடும். தீ பிடிக்கிற நேரத்தில் கரண்ட் இருக்கும் என்று எந்த நம்பிக்கையில் இருப்பது? கரண்டை நிறுத்தி, மணியை அடிக்க விட்டு, பேட்டரி தாங்குகிறதா என்று பார்ப்பதுதான் நான் நம்புகிற சோதனை.

மணியை அடிப்பதிலும் ஒரு பொறுப்பு உண்டு. அதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு ஆஸ்பத்திரி வார்டு சிஸ்டர். முதல்முறை அங்கே போனபோது செக்யூரிட்டி அறையில் மட்டும் சொல்லிவிட்டு ஹூட்டரை அடித்துவிட்டேன். இதய ஆபரேஷன் முடிந்து இரண்டு நாள் ஆன ஒரு தாத்தா, சலைன் குழாயோடு கட்டிலை விட்டு இறங்கிவிட்டார். சிஸ்டர் அவரைப் படுக்க வைத்துவிட்டு என்னிடம் வந்தார். “உங்களுக்கு இது டெஸ்ட், அவருக்கு இது நெஜம்” என்றார். அவர் சொன்ன பிறகுதான் எனக்கு இன்னொன்றும் உறைத்தது. அலாரம் வந்ததும் ஏ.சி. நிற்கும்படி இணைத்திருப்பார்கள். ஆபரேஷன் தியேட்டரில் வேலை நடக்கிற நேரத்தில் அது நின்றால் என்ன ஆகும்? அதற்குப் பிறகு தியேட்டர் அட்டவணையைக் கேட்டுக்கொண்டுதான் நாள் குறிப்பேன். கட்டில் கட்டிலாகப் போய், காது கேளாதவர்களுக்குக் கையால் சைகை காட்டி, பத்து மணிக்கு ஒரு சத்தம் வரும், பயப்படாதீர்கள் என்று சொன்ன பிறகே அடிப்பேன். முடிந்த பிறகும் சொல்ல வேண்டும். இனிமேல் அடித்தால் அது நிஜம் என்று.

பொய் மணி மனிதர்களைப் பழக்கிவிடுகிறது. 2000 ஜனவரி 19 அதிகாலையில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஒரு பல்கலைக்கழக விடுதி தீப்பிடித்தபோது மணி அடிக்கத்தான் செய்தது. முன்பு பல தடவை சும்மா அடித்திருந்ததால், இதுவும் அப்படித்தான் என்று நினைத்துப் பல மாணவர்கள் உடனே எழவில்லை. 3 பேர் இறந்தார்கள். இதைப் படித்த பிறகு, சொல்லாமல் அடிக்கிற ஒவ்வொரு சோதனையும் அடுத்த நிஜ மணியின் மதிப்பைத் தின்கிறது என்று எனக்குப் பட்டது. ஒரு ஊழியர் விடுதியில் ஹூட்டர் வராந்தாவில் இருந்தது. கதவைச் சாத்தி, ஃபேனை வேகமாக வைத்து, தலையணையில் காதை அழுத்திப் படுத்துக்கொண்டு மணியடிக்கச் சொன்னேன். எங்கோ தெருவில் ஆட்டோ ஹாரன் கேட்கிற மாதிரி இருந்தது. தூங்குகிறவனின் தலைமாட்டில் 75 டெசிபலாவது கேட்க வேண்டும் என்பது கணக்கு. அதை ரிப்போர்ட்டில் எழுதி, அறைக்கு அறை சவுண்டர் போட வைக்க ஒரு வருடம் மல்லுக்கு நின்றோம்.

அண்ணாச்சி 2011ல் ஊருக்குப் போய்விட்டார். நான் அதே வேலையில்தான் இருக்கிறேன்.

2019ல் அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஒரு ஆஸ்பத்திரியில் இருந்தார். நகர முடியாது. இரண்டு பேர் பிடித்தால்தான் ஒருக்களித்துப் படுக்கலாம். முதல் ராத்திரி துணைக்குப் படுத்தவன் பழக்கத்தில் மேலே பார்த்தேன். சுவரில் புதுப் பெயின்ட் வாசனை. அம்மாவின் கட்டிலுக்கு நேர் மேலே இருந்த டிடெக்டரில் ஆரஞ்சு நிற மூடி. பெயின்ட் அடிக்கும்போது தூசி போகாமலிருக்க மாட்டுகிற மூடி. வராந்தாவில் நடந்து பார்த்தேன். ஒன்பது மூடிகள். கீழே போய்ப் பேனலைப் பார்த்தேன். பச்சை.

காலையில் சிஸ்டரிடம் சொன்னேன். பராமரிப்புப் பையன் ஒருவன் ஏணியோடு வந்தான். நான் ஏணி பிடிக்க வந்த வயதுதான் அவனுக்கும். ஒன்பதையும் கழற்றி ஒரு பையில் போட்டான். கிளம்பப் போனவனிடம், நானும் இந்த வேலைதான் தம்பி, புகை காட்டிப் பார்த்துவிடலாமா என்று கேட்டேன். ஊதுபத்தியை எடுத்தான். கொஞ்சம் பொறு என்று சொல்லி, என் வண்டியிலிருந்து டப்பியையும் கம்பையும் கொண்டுவந்து கொடுத்தேன். சிஸ்டர் ஒவ்வொரு கட்டிலாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். செக்யூரிட்டியிலும் சொல்லியாயிற்று. பையன் என் அம்மாவின் தலைக்கு மேல் கிண்ணத்தைத் தூக்கிப் பிடித்தான்.

ஐந்து விநாடி. பத்து விநாடி. அவன் என்னைப் பார்த்தான். இன்னும் கொஞ்சம் பிடி என்றேன்.

சிவப்பு விளக்கு எரிந்தது. வராந்தா முழுக்க ஹூட்டர் அலறியது.

அம்மா என் கையைப் பிடித்தார். “அடிக்குதாடா?”

“ஆமாம்மா. அடிக்குது.”